மூன்று போப்பும் ஒரு சிதையும்

மோட்சத்தின் திறவுகோல் போப்பாண்டவர் கையில் இருக்கிறதென்றும், அவர் பரிசுத்த ஆவியின் ஏவுதலாலேயே தெரிந்தெடுக்கப்படுகிறாரென்றும் கத்தோலிக்கப் பாதிரிமார் சொல்லுகிறார்கள். அப்படியானால் 1409-ம் வருஷத்தில் அத்திறவுகோல் யார் கையில் இருந்தது என்று நாம் கேட்கிறோம். ஏனெனில் அவ்வருஷத்தில் ஐரோப்பாவில் இருந்தது ஒரு போப்பல்ல, மூன்று போப்புகள்!

சங்கதி இதுதான். 1378-ல் ரோமாபுரியில் கர்தினால்மார் கூடி ஆறாவது அர்பன் என்பவரைப் போப்பாக்கினார்கள். சில மாதங்களுக்குள் அதே கர்தினால்மார், "ஜனக்கூட்டத்துக்குப் பயந்து செய்த தேர்தல், செல்லாது" என்று சொல்லி, ஏழாவது கிளெமெண்டு என்பவரையும் போப்பாக்கினார்கள். இவர் அவிஞோன் நகரத்தில் போய் உட்கார்ந்தார். பிரான்சு அரசன் அவிஞோன் கட்சி. அவனோடு பகைத்த இங்கிலாந்து அரசன் ரோமாபுரிக் கட்சி. அரசன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே குடிகளுக்கு மோட்ச வழியாயிற்று. பின்னால் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்ற சியன்னா நகரத்துக் கத்தரீனாள் அர்பனே மெய்ப் போப் என்றார். அதே பட்டம் பெற்ற வின்சென்ட் பெரர் நெடுநாள் அவிஞோன் போப்பே மெய் என்றார். இரண்டு அர்ச்சியசிஷ்டர்களுக்கே விளங்காத உண்மை ஏர் உழுகிற குடியானவனுக்கு எப்படி விளங்கும்?

இச்சண்டையைத் தீர்க்க 1409-ல் பீசா நகரில் கூடிய சபை, அப்போதிருந்த இரு போப்புகளையும் தள்ளி, ஐந்தாவது அலெக்சாந்தரை நியமித்தது. தள்ளப்பட்டவர்கள் இறங்க மறுத்தார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி இராது என்பார்கள், இங்கோ மூன்று! அலெக்சாந்தர் மறுவருஷமே இறக்க, பல்தசாரே கொஸ்ஸா என்பவர் 23-வது யோவான் என்னும் பெயரோடு அவ்விடத்துக்கு வந்தார். நேப்பிள்ஸ் அரசனோடு சண்டைபோடப் பணம் வேண்டி, இவர் பாவமன்னிப்பை விற்கச் செய்தார். 1412-ல் பிராக் நகரத்துப் பாதிரியார் யான் ஹஸ் இதைக் கண்டித்தார். ஹஸ் நாஸ்திகரல்ல, வேதத்தை நம்பியவர். கேள்வி கேட்டதே அவர் செய்த குற்றம்.

1414-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் மற்றொரு மகாசபை கூடிற்று. அரசர் சிகிஸ்முண்டு கொடுத்த அபயச் சீட்டை நம்பிப் போன ஹஸ்ஸைச் சிறையிலிட்டு, 1415 ஜூலை 6-ந் தேதி உயிரோடு கொளுத்தினார்கள். சீட்டு விற்ற யோவானுக்கு என்ன தண்டனை? வேஷம் போட்டு ஓடிப் பிடிபட்ட அவரையும், பதவியை விலைக்கு விற்றது முதலிய குற்றங்களுக்காக அதே சபை தள்ளிற்று. ஆனால் சில வருஷக் காவலுக்குப்பின் 1419-ல் அவருக்குக் கர்தினால் பதவி கிடைத்தது. அவ்வருஷமே இறந்தார். மகா சிற்பி தொனத்தெல்லோவும் மிக்கெலொஸ்ஸோவும் செய்த அவருடைய சமாதி பிளாரென்ஸ் நகரில் இன்றும் இருக்கிறது. ஹஸ்ஸுக்கோ சமாதியில்லை, சாம்பலை ரைன் நதியில் எறிந்துவிட்டார்கள். விற்றவனுக்குச் சலவைக்கல், கேட்டவனுக்கு நெருப்பு! இதுதான் தேவ நீதியா?

இன்னும் கேளுங்கள். 1958-ல் பட்டத்துக்கு வந்த போப், 23-வது யோவான் என்ற அதே பெயரையும் அதே இலக்கத்தையும் எடுத்துக்கொண்டார். அதாவது கொஸ்ஸா கணக்கிலேயே இல்லையாம். அப்படியானால் அவர் பெயரால் பணங்கொடுத்து மன்னிப்பு வாங்கியவர்களின் பாவம் தீர்ந்ததா, தீரவில்லையா? பணம் திரும்பியதா?

கடைசியில் இக்குழப்பம் தீர்ந்தது எப்படி? வானத்திலிருந்து அசரீரி வரவில்லை. 1417 நவம்பரில் 23 கர்தினால்மாரும், பல தேசத்தார் அனுப்பிய 30 பேரும் ஆக 53 மனிதர்கள் வோட்டுப்போட்டு, ஐந்தாவது மார்ட்டினைப் போப்பாக்கினார்கள். மனிதர் கட்டிய முடிச்சை மனிதரே அவிழ்த்தார்கள்.

1999-ல் போப் இரண்டாம் ஜான் பால், ஹஸ்ஸின் கொடிய மரணத்துக்காக வருந்துவதாகச் சொன்னார். சொன்னவரை மதிக்கிறோம். ஆனால் இதைச் சொல்ல 584 வருஷம் சென்றது. எரிகிறபோது தண்ணீர் ஊற்றாமல், சாம்பலும் ஆற்றோடு போனபின் வருந்தி யாருக்கு என்ன பயன்? ஆகையால், பதவியை மனிதர் உண்டாக்குகிறார்கள் என்பது மெய்யானால், அதை நோக்கிக் கேள்வி கேட்கவும் மனிதருக்குப் பாத்தியதை உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.