நிறுக்கப்படாத சுமை

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்துக்குத் தராசு உண்டு. தாய் காலையிற் பறித்த கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுவர். நண்பகலிலும் மாலையிலும் மீண்டும் நிறுப்பர். நாளொன்றுக்கு 18 கிலோ என்பது பல தோட்டங்களிலே கேட்கப்படும் அளவு. மழை நாளாயின், இலையில் ஒட்டிய நீருக்கென்று நிறையிற் சிறிது கழிப்பதும் வழக்கம். ஆனால், அத்தாயின் பிள்ளை அதே மலைப்பாதையிலே முதுகிற் சுமந்து செல்லும் புத்தகப் பையை எவரும் நிறுப்பதில்லை. அது மழையில் நனைந்து கனத்தபோது கழிப்பாரும் இல்லை.

வட்டவளையை அறிந்தவர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். இலங்கையிலே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் இஃது ஒன்று. ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைக் கடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே, லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் நீரோடைகளாகிவிடும். சமநிலத்திலே நடக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கு மூன்று கிலோப் பை ஒரு சுமை. ஒரு கையிற் குடையும், காலடியில் வழுக்கும் கல்லுமாக ஏறி இறங்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதே மூன்று கிலோ வேறொரு சுமை.

அண்மையில் ஒரு மழைநாளின் காலை, நனைந்து வந்த சிறுமி ஒருத்தியின் பையை என் மேசைமீது வைத்துத் திறந்து பார்த்தேன். பாடநூல்களை விடுத்துக் கொப்பிகளை மட்டும் எண்ணினேன். பதினொன்று இருந்தன. அன்றைய பாடவேளைகளுக்கு வேண்டியவை ஐந்தே. எஞ்சிய ஆறனுள் இரண்டு, இலக்கணத்துக்கொன்றும் கட்டுரைக்கொன்றுமாக நானே வாங்கச் சொன்னவை. “இவற்றை ஏன் கொண்டு வந்தாய், பிள்ளை?” என்றேன். “எந்த நேரம் எதைக் கேப்பீங்கன்னு தெரியாதே, சேர்” என்றாள். பிறரைக் குறை கூற எழுந்த என் நாவு அத்துடன் அடங்கிற்று. மயிற்பீலி ஏற்றிய வண்டியை வள்ளுவர் காட்டியதைப் பல்லாண்டு வகுப்பிலே விளக்கியவன் நான். என் மாணவியின் தோளில் ஒவ்வொரு பீலியாக ஏற்றியவனும் நானே.

இவ்விடயத்தில் மிகைபடக் கூறுதலும் தகாது. பை சுமந்தால் முதுகெலும்பு நிலையாக வளைந்துவிடும் என்று அச்சுறுத்துவோர் உளர். அதற்கு உறுதியான சான்று இல்லை. பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்று, பையின் நிறைதான் முதுகுவலிக்குக் காரணம் எனத் திட்டமாகக் கூற இயலாது என்றது. எனினும், பை கனமாயிருக்கிறது என்றோ, சுமப்பது கடினம் என்றோ உணரும் பிள்ளைகளிடத்து அவ்வலி தொடர்புற்றுக் காணப்படுவதாகச் சில ஆய்வுகளிலிருந்து அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. ஆதலின் நிறுத்தலோடு அமையாது, பிள்ளையைக் கேட்டலும் வேண்டும். தோள் நோகிறதா, கழுத்துப் பிடிக்கிறதா என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அயல்நாடான இந்தியாவிலே இக்குரல் முன்பே எழுந்தது. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையிற் பேசியபோது, பிள்ளைகளின் புத்தகச் சுமையையே பொருளாக எடுத்துக்கொண்டார். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் அளித்த அறிக்கை, பையின் சுமையினும் விளங்காமற் படிக்கும் சுமையே கொடிது என்று சுட்டியது. தமிழகம் 2012இல் முப்பருவ முறையைக் கொணர்ந்து பாடநூல்களைப் பகுத்தது. 2020இல் இந்திய அரசு வெளியிட்ட கொள்கை, பையின் நிறை பிள்ளையின் உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கைக் கடத்தலாகாது என வரையறுத்தது. முப்பது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது மூன்று கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலே அதில் ஒரு கிலோவை விழுங்கிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

நம் மக்களிடையே இதைப் பேசுதற்கு ஒரு தடையுண்டு. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. எனினும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தவை 1970களிலும் அதன் பின்னருமே. இலவசப் பாடநூல் 1980இல் வந்தது. புத்தகமே காணாத தலைமுறையின் பேரப்பிள்ளைக்குப் பை நிறையப் புத்தகம் கிடைத்திருக்கும்போது, அதைப் பாரம் என்பது நன்றியின்மை போலத் தோன்றும். “பை கனத்தாற்றான் படிப்பு” என்று பெருமையுடன் கூறும் தந்தையரைக் கண்டிருக்கிறேன். அப்பெருமையை நான் மதிக்கிறேன். ஆயினும் கல்வியின் அளவு தலைக்குள் ஏறுவதே, முதுகில் ஏறுவதன்று.

பரிகாரம் அரிதன்று. ஆசிரியர் நேரசூசியைப் பிறழாது கடைப்பிடித்தால், “எதற்கும் இருக்கட்டும்” என்று எதையும் பிள்ளை சுமக்க வேண்டா. வகுப்பறையில் ஓர் அலுமாரி இருப்பின், வீட்டில் வேண்டாத கொப்பிகள் அங்கேயே உறங்கலாம். குடிக்கத் தக்க நீர் பாடசாலையிற் கிடைப்பின் போத்தல் வெறுமையாய் வரலாம். கனத்த நூலை முதுகை ஒட்டி வைத்து, இரு தோளிலும் வாரை மாட்டிக்கொள்ளப் பெற்றோர் பழக்கலாம்.

நான் என் இரு கொப்பிகளை ஒன்றாக்கிவிட்டேன். அதுவும் வகுப்பறையிலேயே இருக்கும். தவணைக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு பாடசாலையும் ஒரு தராசைக் கொணர்ந்து பைகளை நிறுத்துப் பார்க்கட்டும் என்று ஆசிரியத் தோழரை வேண்டுகிறேன். தன் பிள்ளையின் முதுகு இப்பாரத்துக்கு ஆளாகக் கூடாதென்றே தாய் தன் முதுகிற் கூடையைச் சுமக்கிறாள். அவள் கூடையேனும் நிறுத்த பின் இறக்கி வைக்கப்படுகிறது.