தொழிலா, வீட்டு வாடகையா?

மத்திய அந்தமானைச் சேர்ந்த லாங் ஐலண்டில், சொந்த வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஒரு குடும்பம், படுக்கை விரிப்பு முதல் தண்ணீர்த் தொட்டி வரை பெரும்பாலானவற்றைப் படகுக் கூலி கொடுத்தே தருவிக்க வேண்டும். அக்குடும்பம் செய்வது தொழிலா, வெறும் வீட்டு வாடகையா? மத்திய அரசிடம் இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன.

இல்லத் தங்கல் விடுதிகளுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று 2025 பிப்ரவரி 1-ல் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். முத்ரா, சிறு தொழில்களுக்கான கடன். ஆக, கடன் தரும்போது அது தொழில்.

வரி கேட்கும்போது அப்படியல்ல. உரிமையாளர் தம் குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டுப் பெறும் வருவாயைத் தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது. வீட்டுச் சொத்து வருமானமாகவே காட்ட வேண்டும் என்று 2024-ம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் கூறிவிட்டது. 2024-25 நிதியாண்டின் வருமானம் முதல் இது பொருந்தும். அந்த மசோதா மக்களவைக்கு வந்தபோது, சொத்து விற்பனை மீதான மூலதன ஆதாய வரியே பெரும் சர்ச்சையாக இருந்தது. அதில் அரசு இறங்கியும் வந்தது. வாடகைப் பிரிவு அதிக ஓசையின்றி நிறைவேறியது.

வாடகையைத் தொழிலாகக் காட்டி, செலவுகளை ஏற்றி வரியைக் குறைத்தவர்களைத் தடுப்பதே நோக்கம். அது நியாயமானதே. ஆனால் வீட்டுச் சொத்து என்றால் உள்ளாட்சி வரி போக, 30 சதவீதம் மட்டுமே கழிவு. கட்டவும் பழுதுபார்க்கவும் வாங்கிய கடனுக்கான வட்டி தனி. துப்புரவுக் கூலி, ஜெனரேட்டர் டீசல், படகுக் கட்டணம், கட்டில், மெத்தை எதுவும் கணக்கில் சேராது.

பெரும்பாலான தீவுக் குடும்பங்களுக்குப் புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வரையிலான தள்ளுபடி காப்பாக அமையும். மாட்டிக்கொள்பவர் ஓய்வூதியம் பெறும் அரசு ஊழியர் போன்றவர். கழிவு போக ரூ.10 லட்சம் ஓய்வூதியம் உள்ளவர், அறைகளில் ரூ.6 லட்சம் வசூலித்து ரூ.4 லட்சம் செலவிட்டால் கையில் நிற்பது ரூ.2 லட்சம். தொழில் என்றால் மொத்தம் ரூ.12 லட்சம், வரி இல்லை. வீட்டுச் சொத்து என்றால் ரூ.14.2 லட்சம்; 2025-26 விகிதப்படி கூடுதல் தீர்வையுடன் வரி ரூ.96,720. லாபத்தில் ஏறத்தாழ பாதி.

இதே தீவில் 220 அறைகள் கொண்ட சூழல் சுற்றுலா விடுதிக்கு நீதி ஆயோக் திட்டமிட்டது. அத்தகைய விடுதியை நடத்தும் நிறுவனம் ஊதியம், டீசல், தேய்மானம் அனைத்தையும் கழித்துக்கொள்ளலாம். இரண்டு அறைக்காரருக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை?

மாத வாடகைக்குக் குடியமர்த்துவதும், நாள்தோறும் விருந்தினர் மாறும் அறையைச் சுத்தம் செய்து சோறு போட்டு நடத்துவதும் ஒன்றல்ல. 2026 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டமும் 30 சதவீதக் கழிவு முறையையே தொடர்கிறது. சேவையுடன் கூடிய தங்கலைத் தொழிலாக ஏற்கலாம் என மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும். முத்ரா கடன் வாங்கியவர்கள் அடுத்த கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன் அது வர வேண்டும்.