அலைக்கும் ஓர் உடன்பாடு வேண்டும்

விடுதியில் வைஃபை சரியில்லை என்று குறைகூறாத மாணவர் எவரையும் நான் கண்டதில்லை. கட்டுரையை அனுப்ப வேண்டிய கடைசி நேரத்தில் திரையில் வட்டம் சுற்றும். வீட்டிலிருந்து அம்மா பேசினால் குரல் அறுந்துபோகும். உடனே நாம் செய்வது என்ன? அறைக்கொரு ரூட்டர் வாங்குகிறோம். நோய்க்கு மருந்தென்று நோயையே வாங்குகிறோம் என்பேன்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸே. ஒரு ரூட்டர் பிடிக்கும் அகலமோ ஏறத்தாழ 20. ஆதலால், ஒன்றோடொன்று மோதாமல் மூன்றுதான் இயங்கலாம்: 1, 6, 11. ஒரே சேனலில் உள்ளவை ஒன்றன் குரலை மற்றொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். இடையில் 3இலோ 8இலோ ஒன்று புகுந்தால் இருபக்கத்தாருக்கும் அது வெறும் இரைச்சலே.

ஆகவே நண்பர்களே, ஒரு தாழ்வாரத்தார் ஒருநாள் மாலை கூடுவோம். இரண்டு அறைக்கு ஒரு ரூட்டர் போதும், மிகுதியை அணைப்போம். எஞ்சியவற்றில் ‘ஆட்டோ’ என்றிருப்பதை மாற்றி, 1, 6, 11 எனப் பகிர்ந்துகொள்வோம். அகலம் 40 என்றிருந்தால் 20 ஆக்குவோம். 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்கும் கைப்பேசிகளை அதற்கு மாற்றுவோம். அது சுவரைத் தாண்டத் தயங்கும், நமக்கு அதுவே நன்மை.

இதற்குக் காசு வேண்டாம், இசைவு வேண்டும். அடுத்த அறையார் வங்காளியாயினும் பஞ்சாபியாயினும் அவரையும் அழைப்போம். அலைக்கு மொழி இல்லை. ஊர் கூடினால்தான் தேர் நகரும்!