வைக்கோல் பாரமும் லாரியின் அளவும்

அறுவடை முடிந்த சில தினங்களுக்குள் மதுராந்தகம், அச்சிறுபாக்கம் முதலிய இடங்களிலிருந்து வைக்கோல் ஏற்றிய லாரிகள் ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தாம்பரத்தை நோக்கிச் செல்வதை யாவரும் கண்டிருக்கலாம். தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு லாரி தென்படுவதில்லை. வைக்கோற்போர் ஒன்றே சாலையில் நகர்ந்து வருவதுபோலத் தோன்றும். வண்டலூரையும் பெருங்களத்தூரையும் கடந்து தாம்பரத்தை நெருங்க நெருங்க, பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடிக்கும் அச்சாலையில், இருபுறமும் பிதுங்கி நிற்கும் வைக்கோலின் ஓரம் அடுத்துச் செல்வோரின் முகத்தில் உராய்வதும் உண்டு. தாழ்ந்த மின்கம்பியில் பட்டு வைக்கோல் லாரி முழுவதும் எரிந்துபோயிற்று என்ற செய்தி தமிழ்நாட்டில் புதியதன்று.

இவ்வாறு ஏற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2020-ம் ஆண்டில் திருத்தப்பெற்ற மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லாரியின் அகலம் 2.6 மீட்டருக்கும் உயரம் 4 மீட்டருக்கும் உட்பட்டிருக்க வேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, பாரமானது வண்டியின் பக்கங்களிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த வரம்பைத் தாண்டுமாயின் 20,000 ரூபாய் அபராதமும், மிகுதியை இறக்கும் செலவும் விதிக்கின்றது. ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரும் இதற்கு உட்பட்டவர் என்பதை லாரியை வாடகைக்குப் பேசும் மிராசுதார்கள் பெரும்பாலும் அறிவதில்லை. இத்தொகை ஒரு பாரம் வைக்கோலின் விலையில் பெரும்பகுதியையே விழுங்கிவிடக் கூடியது.

வைக்கோல் எடை குறைந்த பொருள். லாரி தாங்கக்கூடிய எடையில் பாதிகூட ஏறாமல் இடம் நிறைந்துவிடுகின்றது. ஆகையால் விவசாயிக்கு மட்டும் அளவில் விலக்குத் தரவேண்டும் என்று வாதிப்போர் உளர். பாதி எடைக்கு முழு வாடகை கொடுப்பது கசக்கத்தான் செய்யும். எனினும் விலக்குக் கேட்பது சரியான வழியன்று. விபத்தின் அபாயம் ஒருபுறமிருக்க, விலக்குக் கிடைத்தாலும் விவசாயிக்கு அதனால் வரும் லாபம் அவர் நினைக்கும் அளவு இராது. எஞ்சிய லாபத்தை டீசல் தின்றுவிடும்.

ஓடும் லாரியை எதிர்ப்பவற்றுள் காற்று முக்கியமானது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டராக உயர்ந்தாலே இரண்டேகால் மடங்காகும். காற்றை எதிர்கொள்ளும் முகப்பின் பரப்பு எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவுக்கும் எதிர்ப்புக் கூடும். சட்ட வரம்புக்குட்பட்ட லாரியின் முகப்பு 2.6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமுமாக ஏறக்குறைய பத்தரைச் சதுர மீட்டர். வைக்கோல் பக்கத்துக்கு அரை மீட்டர் பிதுங்கி, மேலே ஒரு மீட்டர் உயர்ந்தால் அதுவே 18 சதுர மீட்டராகின்றது. இதன்றிச் சிலும்பி நிற்கும் வைக்கோலின் சொரசொரப்பும், அவிழ்ந்து படபடக்கும் தார்ப்பாயும் காற்றைப் பிடித்து இழுக்கின்றன.

இதைக் கண்டு, டீசலை மிச்சப்படுத்தும் சாதனங்கள் என்று கடைகளில் விற்பனையாகும் பொருள்களை நாடுவோர் பலர். இவற்றைப் பிரித்தறிய வேண்டும். டிரைவர் அறையின் கூரைமேல் சரிவாகப் பொருத்தும் தகடு, பின்னுள்ள பெட்டி டிரைவர் அறையைவிட உயர்ந்திருக்கும் லாரிகளில், நெடுந்தூரமும் ஒரே வேகமும் வாய்த்தால் மெய்யாகவே பயன் தருவது. ஆனால் மதுராந்தகத்திலிருந்து தாம்பரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய உள்ள வழியில், கடைசிப் பகுதி முழுவதும் நின்று நின்று போகும் லாரிக்கு அத்தகட்டால் கிடைப்பது சொற்பமே. அத்தகடும் 4 மீட்டர் உயரத்துக்குள்தான் நிற்க வேண்டும். டீசல் குழாயில் கட்டும் காந்தம், தொட்டியில் இடும் மாத்திரை ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இவ்வகைச் சாதனங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க மிச்சம் தருவது எதுவுமில்லை என்றே கண்டது.

லாரியில் தனியே ஒரு சாதனத்தைச் சேர்ப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு வந்த காலத்தில், மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் அடுப்புக் கரியிலிருந்து வாயு உண்டாக்கி மோட்டாரை ஓட்டும் சாதனம் ஒன்றைச் செய்து விற்றது. அது கனமானது, எஞ்சினின் சக்தியும் குறைந்தது, பாரத்தைக் குறைத்தே ஏற்ற வேண்டியிருந்தது. பெட்ரோலே அரிதாக இருந்தமையால் அதை யாவரும் பொறுத்தனர். எந்தச் சாதனத்திற்கும் அது கொள்ளும் இடத்தையும் எடையையும் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-ம் ஆண்டில், லாரியின் பின்புறத்தில் காற்றின் இழுப்பைக் குறைக்கும் தகடுகளுக்காக நீள வரம்பைத் தளர்த்தியது. ஆயினும் பிறர்க்கு அபாயம் நேரக்கூடிய இடங்களில் டிரைவர் அவற்றை மடக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வைத்தது. வைக்கோலைத் தாம்பரத்தில் மடக்க இயலாது.

ஆனால் வயலிலேயே சுருட்ட இயலும். அறுவடை இயந்திரம் சிதறிவிட்டுச் செல்லும் வைக்கோலை வாரி இறுக்கி உருளைகளாகக் கட்டும் இயந்திரம் டிராக்டரின் பின் இழுக்கப்படுவது. இப்பொழுது நமது ஜில்லாக்களில் வாடகைக்குக் கிடைக்கின்றது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் அதை வாங்க மானியமும் உண்டு. உதிரி வைக்கோலைவிடக் கட்டிய வைக்கோல் மிகக் குறைந்த இடமே கொள்ளும். பெட்டியின் அகலத்துக்குள் உருளைகளை அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினால், அளவு மீறாமலே அதிக எடை ஏறும். டன் ஒன்றுக்கு டீசல் செலவும் குறையும். லாரிக்கு வாங்கும் எச்சாதனத்தினும் இதுவே பெரிய டீசல் மிச்சம் எனலாம். கட்டும் கூலி ஒரு புதுச் செலவு என்பது மெய்; உதிரியாய் ஏற்றவும் இறக்கவும் ஆகும் ஆட்கூலியோடு அதை ஒப்பிட வேண்டும். பனி ஈரம் உலருமுன் கட்டினால் உள்ளே பூசணம் பிடிக்கும். ஆகையால் இயந்திரத்தை அறுவடைக்கு முன்பே பேசி வைத்து, வெயில் ஏறிய பின் ஓட்டச் செய்வது நலம்.

நெல் ஏற்றுவோரின் நிலை வேறு. அங்கு அளவன்று, எடையே வரம்பு மீறுவது. 2018-ம் ஆண்டு ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், நான்கு டயர் கொண்ட ஓர் அச்சின் பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும் உயர்த்தப்பெற்றது. லாரிக்காரர்கள் மகிழ்ந்தனர். ஆனால் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலை தேய்கின்றது என்று பொறியாளர்கள் கணக்கிடுவர். அதன்படி இவ்வுயர்வு ஒன்றே தேய்மானத்தை ஒன்றரை மடங்குக்கு மேலாக்கும். களத்திலிருந்து பெருஞ்சாலை வரை ஏரிக்கரையோரம் செல்லும் கிராமச் சாலை இதற்கெனப் போடப்பட்டதன்று. அதற்கும் மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுந்த டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். லாரியின் பதிவுச் சான்றில் எழுதிய எடையை ஏற்றுமுன் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷமே ஆகும்.

அதிகாரிகள் தரப்பிலும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மிகுதிப் பாரத்தை இறக்கிய பின்னரே லாரி நகரலாம் என்று சட்டம் கூறுகின்றது. ஆனால் சாலையோரத்தில் இறக்கிய வைக்கோலை மழையினின்றும் மாடுகளினின்றும் காப்பவர் யார்? வண்டலூருக்குத் தெற்கே, நகர நெருக்கம் தொடங்குமுன், எடைமேடையும் கொட்டகையும் கொண்ட ஓரிடம் அறுவடைக் காலத்துக்காயினும் ஒதுக்கப்படுமானால், அபராதம் கட்டியவர் தம் பொருளையும் சேர்த்து இழக்க நேராது. இதைக் கோரும் மனுக்களைக் கிராம நிர்வாக அலுவலர்கள் தொகுத்து, வரும் சம்பா அறுவடைக்கு முன் கலெக்டருக்கு அனுப்பலாம்.