சாகாத இஞ்சின் என்று ஒன்று இல்லை

"ஆர்எக்ஸ் 100 இஞ்சினுக்குச் சாவே கிடையாது தம்பி. அது இரும்பு. இப்ப வர்ற வண்டியெல்லாம் டப்பா."

ஓசூரில் மூக்கண்டப்பள்ளி டீக்கடையிலும், பாகலூர் சாலை மெக்கானிக் கடைகளிலும், பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்குகளிலும் இதே பேச்சுதான். இதை நம்பி, சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள் சீட்டு எடுத்தும் நகையை அடகு வைத்தும் முப்பது வயது வண்டிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கிறார்கள். வண்டியின் மேல் எனக்குப் பகை கிடையாது. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டால் நானும் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் 'சாகாத இஞ்சின்' என்ற பேச்சு பொய். உழைத்துச் சேர்த்த பணத்தை அந்தப் பொய் தின்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் வயதைப் பார்ப்போம். எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து ஆர்எக்ஸ் 100-ஐ 1985இல் கொண்டுவந்தன. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவு லேசான வண்டிக்கு இவ்வளவு வேகம் என்பதே அதன் புகழுக்குக் காரணம். 1996இல் தயாரிப்பு நின்றது. இன்று சந்தையில் இருப்பவற்றில் ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே ஏறக்குறைய முப்பது வயது. நம் ஊரில் பிறந்த இண்ட்-சுசுகிக்கும், சாமுராய்க்கும், ஷோகனுக்கும் இதே கதை, இதே புகழ்.

இவை எல்லாமே டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆயில் அடியில் தேங்கி நின்று திரும்பத் திரும்பச் சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தேங்கும் ஆயில் இல்லை. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகும் கொஞ்சம் ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்து, பிறகு எரிந்து புகையாகப் போகிறது. ஆயில் பம்பு சரியாக ஊற்றாவிட்டாலோ, கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து வெளிக்காற்றை இழுத்தாலோ, கார்புரேட்டர் ஜெட் அடைத்து பெட்ரோல் குறைந்தாலோ, பிஸ்டன் சூடேறிப் பருத்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். சூளகிரி பக்கம் நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது நடந்தால், கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

'அதனால் என்ன, போர் போட்டால் புதுசாகிவிடும்' என்பார்கள். ஆகும். ஐம்பது மில்லிமீட்டர் சிலிண்டரை லேத் பட்டறையில் கால் மில்லி கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை அரை மில்லி. கடைய இடமில்லாமல் போனால் ஸ்லீவ் அடிப்பார்கள். வண்டி மறுபடி பாயும். ஆனால் நான்கு முறை போர் போட்ட இஞ்சின் நான்கு முறை செத்த இஞ்சின். அதை எழுப்பியவர் லேத் முன்னால் நின்றவர்.

இந்த நம்பிக்கையின் பிழை இங்கேதான் இருக்கிறது. பழுதாகாமல் இருப்பது ஒரு குணம். பழுதானால் சுலபமாகச் சரிசெய்ய முடிவது வேறொரு குணம். நாம் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவது என்று பெயர் வைத்துவிட்டோம். டூ ஸ்ட்ரோக்கில் கேம் இல்லை, கேம் தள்ளித் திறக்கும் வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை. ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பிஸ்டனும் ரிங்கும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைத்தன. காலையில் நின்ற வண்டி மாலையில் வீடு திரும்பியது. அந்தப் புகழில் பாதி மெக்கானிக்குகளுக்குச் சேர வேண்டியது. மொத்தத்தையும் இரும்புக்குக் கொடுத்துவிட்டோம். இன்று அசல் பாகம் அரிதாகிவிட்டது; அசல் டப்பாவில் போலி வருகிறது. காதால் கேட்டே கோளாறு சொன்ன மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. வண்டியைத் தாங்கிய கைகள் விலகும் நேரத்தில் அதன் விலை மட்டும் ஏறுகிறது.

'எங்கள் மாமா வண்டி இன்னும் ஓடுதே' என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறது, மாமா பார்த்துக்கொண்டார். அதே ஆண்டில் வாங்கப்பட்டு, காயலான் கடையில் எடைக்குப் போன வண்டிகள் சாட்சி சொல்ல வருவதில்லை. மிஞ்சியதை மட்டும் எண்ணிவிட்டு எல்லாமே மிஞ்சும் என்று சொல்வது கணக்காகாது.

ஒரு இஞ்சினின் பெயர் வாங்குகிறவனை என்ன செய்யும் என்று பார்க்க, நேரெதிரான பெயர் வாங்கிய இன்னொரு இஞ்சினைப் பாருங்கள்: ரோட்டரி. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும். டூ ஸ்ட்ரோக்கைப் போலவே இதுவும் ஆயிலை எரித்துக்கொண்டுதான் ஓடும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல் தேய்ந்தால் இஞ்சின் போச்சு. 1967இல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனி ஆர்ஓ 80 என்ற காரை இந்த இஞ்சினோடு விட்டது. சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன, வாரண்டிச் செலவில் கம்பெனி தள்ளாடியது, 1969இல் வேறு கம்பெனியோடு இணைக்கப்பட்டது. பின்னாளில் ஓசூரின் டிவிஎஸ்ஸோடு கைகோத்த சுசுகியும் 1974இல் ஆர்இ5 என்ற ரோட்டரி பைக்கை விட்டு, சில ஆண்டுகளில் கைவிட்டது. மாஸ்டா மட்டும் விடாமல் உழைத்து, 1978 முதல் 2002 வரை ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. 1991இல் லெ மான் பந்தயத்தையும் ரோட்டரியில் வென்றது.

பழைய ஆர்எக்ஸ்-7 வாங்குகிறவன் என்ன செய்கிறான்? ரோட்டரின் மூன்று பக்கமும் கம்ப்ரெஷன் எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்கிறான். ஆயில் எவ்வளவு குடிக்கிறது, இஞ்சினை எப்போது பிரித்தார்கள் என்று கேட்கிறான். நொய்ந்த இஞ்சின் என்று பெயர் வாங்கியதாலேயே அதை விழிப்போடு வாங்குகிறார்கள். நம் ஆர்எக்ஸுக்கோ சாகாத இஞ்சின் என்று பெயர். அதனால் புது பெயிண்டையும் குரோமையும் பார்த்து, இரண்டு முறை ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். பெயர் கெட்ட இஞ்சினை வாங்குகிறவன் பிழைக்கிறான், பெயர் பெற்றதை வாங்குகிறவன் ஏமாறுகிறான்.

எல்லையோர ஊர் என்பதால் நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் மலிவு என்று பெங்களூரில் கேஏ வண்டியைப் பிடித்து வருகிறார்கள். கர்நாடக ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். தனியார் வண்டியின் ஆர்சிக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள். பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்சியில் ஒரு நம்பர், இஞ்சினில் வேறு நம்பர், ஆர்எக்ஸ் 100-இன் உடம்பில் ஆர்எக்ஸ் 135-இன் சிலிண்டர் என்று வரும் வண்டி சட்டத்தின் கண்ணில் வேறு வண்டி. சேசிஸ் நம்பரைத் தட்டி அழித்துப் புதிதாகப் பஞ்ச் செய்திருந்தால், வாங்கியவன்தான் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டும்.

புதிய வண்டியின் மேல் நியாயமான ஒரு குறை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் கார்புரேட்டர் போய் சென்சாரும் ஈசியூவும் வந்தன. சாலையோரத்தில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவற்றைச் சரிசெய்ய முடியாது. இந்தக் கோபம் எனக்கும் உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்காகக் கம்பெனிகளிடம் நாம் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தைத் தவறான இடத்தில் காட்டி, இன்றைய வண்டிகள் எல்லாம் டப்பா என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. குறிப்பாக, ஓசூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வதை.

1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இந்த மண்ணிலிருந்துதான் உருண்டது. 2001இல் டிவிஎஸ்ஸுடனான கூட்டிலிருந்து சுசுகி விலகியபோது, இனி இவர்களால் என்ன முடியும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டில் விக்டர் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை இங்கேயே வடிவமைத்து ஓடவிட்டார்கள். மறு ஆண்டே தரத்துக்கான டெமிங் விருது ஓசூருக்கு வந்தது. இன்று ஏத்தரின் மின்சார ஸ்கூட்டர் இந்த ஊரில் பிறக்கிறது, ஓலாவினுடையது போச்சம்பள்ளியில். பகல் முழுக்க மைக்ரோமீட்டர் பிடித்து நூறில் ஒரு மில்லியைச் சரிபார்க்கும் பிள்ளை, மாலையில் டீக்கடைக்கு வந்து, 'நாம செய்றது டப்பா, அந்தக் காலத்து ஜப்பான்காரன் செஞ்சதுதான் இரும்பு' என்று தலையாட்டுகிறான். தன் கை செய்த வேலையைத் தானே மட்டமாகப் பேசவைக்கும் நம்பிக்கை, பணநஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம்.

தம்பிகளே, பழைய வண்டி வாங்க ஆசையிருந்தால் வாங்குங்கள். தினமும் வேலைக்குப் போக அதை நம்பாதீர்கள். பகலில் மைக்ரோமீட்டர் பிடிக்கும் அதே கண்ணோடு வண்டியைப் பாருங்கள். ஆர்சியை வாங்கி இஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வெளிச்சத்தில் நீங்களே ஒப்பிடுங்கள். கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் நம்பும் மெக்கானிக்கைக் கூட்டிப் போய், முன்பணம் கொடுக்கும் முன் சிலிண்டரைக் கழற்றி, எத்தனையாவது போர் என்று பாருங்கள். கழற்றவிட மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.