அழாதவனும் அனந்தன் நாயரும்

போன மாசம் ஒரு ராத்திரி. பன்னிரண்டாவது படிக்கும் மகள், ஸ்கூலில் படிக்கச் சொன்ன புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்'. (விக்ரம் நடித்த ஷங்கர் படம் இல்லைங்க. 1942-இல் பிரெஞ்சில் வந்த நாவல்.) கொஞ்ச நேரம் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அப்பா, பாட்டி செத்தப்போ நீ அழுதியா?"

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. அல்ஜியர்ஸில் குமாஸ்தா வேலை பார்க்கும் மெர்சோ, முதியோர் இல்லத்தில் இறந்துபோன அம்மாவின் அடக்கத்துக்குப் போகிறான். முகத்தைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறான். பால் காப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அழவில்லை. மறுநாள் கடலில் குளியல், தோழியோடு சிரிப்புப் படம். அப்புறம் ஒரு நாள் கடற்கரையில் ஒரு அரபுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். கோர்ட்டில் அந்தக் கொலையைவிட, அம்மாவுக்கு அழவில்லை என்பதே பெரிய குற்றமாகப் பேசப்படுகிறது. கடைசியில் மரண தண்டனை.

நான் இதை முதலில் படித்தது 90-களின் ஆரம்பத்தில், திருவனந்தபுரத்தில், இன்ஜினியரிங் படிக்கும்போது. பாளையம் பப்ளிக் லைப்ரரியில் எடுத்த இங்கிலீஷ் புத்தகம். வெ. ஸ்ரீராம் நேராகப் பிரெஞ்சிலிருந்து தமிழில் கொண்டுவந்து, க்ரியா 1980-லேயே வெளியிட்டிருந்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது. எங்களுக்குக் கரமனையில் வீடு. உள்ளே தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். 1956-இல் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட குடும்பம். இரண்டு பக்கமும் முழுசாக ஒட்டாத பையனுக்கு மெர்சோ ஹீரோவாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. தாடிகூட வளர்த்துப் பார்த்தேன் :-)

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் பாரிஸைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த அதே ஊரில்தான் நகுலன் இருந்தார். டி.கே. துரைசாமி என்ற சொந்தப் பெயரில் மார் இவானியோஸ் காலேஜில் பல வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். 2007-இல் அங்கேயே காலமானார். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே ஆ. மாதவன் கதை எழுதினார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்துகொண்டே நீல பத்மநாபன் நாவல் எழுதினார். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில்கூட உட்கார்ந்திருக்கலாம். நான் ஒருத்தரையும் படிக்கவில்லை. நம்ம தெருவில் இருப்பவருக்கு என்ன தத்துவம் தெரியப்போகிறது என்ற நினைப்புதான்.

2016-இல் அம்மா போனார். நியூஜெர்சியிலிருந்து நான் போய்ச் சேர இரண்டு நாள். தைக்காடு சாந்திகவாடத்தில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சித்தி உள்ளே யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: "ஒத்தச் சொட்டுக் கண்ணீர் விடலியே இவன்." உண்மைதான். வரவில்லை. ஆபீஸுக்கு மெயில் போட்டேன், சர்ட்டிபிகேட் வாங்க அலைந்தேன், பத்தாம் நாள் பிளேன் ஏறினேன். பிளேனில் மெர்சோ ஞாபகம் வந்தான். 'சரிதான், பொய்யாக அழுவதைவிட அழாமல் இருப்பது நேர்மை' என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பைக் கலைத்துப் போட்டது நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970). அந்தப் பயணத்தில் வாங்கிவந்து, ஒரு வருஷம் அலமாரியில் கிடந்த புத்தகம். தமிழில் எழுதியது, ஆனால் நாயகன் அனந்தன் நாயர். மனைவி கார்த்தியாயினி அவரை விட்டு எப்போதோ போய்விட்டாள். அந்த மனுஷர் நான் நடந்த அதே தெருக்களில் நடக்கிறார். நடக்க நடக்கப் பழசெல்லாம் கிளம்பி வருகிறது. எதையும் அவரால் கழற்றிப்போட முடியவில்லை. படித்து முடித்த ராத்திரி, கராஜில் கார் சீட்டில் உட்கார்ந்து அழுதேன். அம்மா போய்ப் பதினாலு மாசம் கழித்து.

அதனால் என் கருத்து இதுதான். காம்யு பெரிய ஆள், சந்தேகமேயில்லை. கண்ணீரை வைத்து ஒருத்தனை எடைபோடாதே என்கிறார். அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். சித்தி சொன்னது நியாயமில்லை. ஆனால் மெர்சோ திரும்பிப் பார்க்கிறவன் இல்லை. இன்றைய வெயில், இன்றைய கடல், அவ்வளவுதான் அவனுக்கு. ஊரை விட்டு வந்த நமக்கு அது கட்டுப்படியாகுமா? நமக்குப் பாதி வாழ்க்கை பின்னால்தானே கிடக்கிறது! அழாமல் விட்டது எங்கேயும் போகாது, காத்திருக்கும் என்பதைச் சொல்ல எனக்கு அனந்தன் நாயர் வேண்டியிருந்தார்.

நகுலனைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 'நினைவுப் பாதை'யை முதல் தடவை முப்பது பக்கத்தில் மூடிவைத்தேன். கதை எங்கே என்று தேடினால் கிடைக்காது. நவீனன் நினைக்கிறான், எழுதுகிறான், இல்லாத சுசீலாவை நினைத்து உருகுகிறான். ஆனால் ஜனவரிப் பனியில், வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு நாலைந்து பக்கமாகப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமலே பேசிக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா என்ன? அவரைத் 'தமிழின் காம்யு' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. காம்யுவைத் தெரிந்தவர்களுக்கு அது வசதியான பட்டம், அவ்வளவே.

இருத்தலியல், அந்நியமாதல் என்ற பெரிய வார்த்தைகளைப் பார்த்துப் பயப்படவேண்டாம். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வாழ்கிற எல்லாருக்கும் அது தினசரி சமாச்சாரம். சாமான்களுக்கு நடுவே ஊறுகாய் பாட்டிலை வைத்துக் கட்டுகிற பெட்டியில், அடுத்த தடவை இந்தப் புத்தகங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதென்றால் நாம் வாசித்துக் காட்டலாம்.

மகளிடம் அன்றைக்கு, "அப்போ அழலை, அப்புறமா அழுதேன்" என்றேன். "ஏன் அப்புறமா?" என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் 'பள்ளிகொண்டபுரம்' அரை மணி நேரம் வாசித்துக் காட்டுகிறேன். முன்பெல்லாம் அம்மாவுக்குப் போன் போடுகிற நேரம் அது.