கடவுச்சொல்லும் கடமையுணர்வும்

ஓர் அரசு எதன்மேல் நிற்கிறது என்று வினவின், படையின்மேல் என்பர் சிலர். பொருளின்மேல் என்பர் சிலர். நாம் கணக்கின்மேல் என்போம். இன்னாருக்கு இவ்வளவு நிலம், இன்னார் பிறந்தார், இன்னார் இறந்தார், இன்னாருக்கு இந்த உதவி உரியது என்று எழுதிவைத்த எழுத்து மெய்யாக இருக்கும் வரையில்தான் அரசின் சொல்லுக்கு மதிப்புண்டு. அவ்வெழுத்தில் பொய் புகுந்துவிடின் நல்ல திட்டமும் தீங்கே விளைக்கும். அந்த எழுத்து இன்று ஏட்டை விட்டுக் கணினிக்குள் குடிபுகுந்திருக்கிறது. அதனைக் காப்பவர் யார், எவ்வாறு காக்கின்றனர் என்பது பொறியாளர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய செய்தியன்று. தமிழ் பயில்வோரும் ஊர்ப் பெரியோரும் கூடிச் சிந்திக்க வேண்டிய செய்தி அது என்பது நம் கருத்து.

ஏட்டிலிருந்து கணினிக்கு

நம் முன்னோர் கணக்கைக் காப்பதில் கண்ணுங்கருத்துமாக இருந்தனர். நம் வட்டாரத்திற்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரை ஓலையில் எழுதலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. கணக்கு என்பது ஊரின் உடைமை என்பதும், அதற்குப் பொறுப்பாளர் பெயர் சுட்டி அறியத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்பதும் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே இம்மண்ணில் வழக்கிலிருந்த கருத்துகள்.

பின்னாளில் ஊர்க்கணக்கு கர்ணத்தின் கைக்கு வந்தது. தென்னார்க்காட்டு ஊர்களில் சிட்டாவும் அடங்கலும் கணக்குப்பிள்ளையின் பெட்டியில் கிடந்தன. பெட்டியைத் திறக்கவும் அவர் வேண்டும்; எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லவும் அவர் வேண்டும். பரம்பரையாக வந்த அப்பதவிகளைத் தமிழக அரசு 1980ஆம் ஆண்டில் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவாயிற்று. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. முன்னைப் பிரிவினை கோப்புக் கட்டுகளின் பிரிவினை. பின்னையதிலோ கணினிப் பதிவுகளின் பிரிவினையும் சேர்ந்துகொண்டது. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகளை நாம் மறுப்பவரல்லோம். திண்டிவனம் பக்கத்து மானாவாரி நிலத்தில் மணிலா பயிரிடும் உழவர், பட்டா நகலுக்காக வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நாள் முழுதும் காத்து நின்ற காலம் மலையேறிவிட்டது. ஆயின் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய பெட்டியில் கைவைக்க விரும்பிய கள்வன் அவ்வூருக்கே வரவேண்டும்; இருளில் சுவரேறிக் குதிக்கவேண்டும்; ஒரு பெட்டியைத்தான் திறக்கவும் முடியும். புதிய பெட்டிக்கு ஒரு சொல் போதும். அச்சொல் கிடைத்துவிட்டால் அமர்ந்த இடத்திலிருந்தே ஆயிரம் பெட்டிகளைத் திறக்கலாம்.

2020ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

இது வெறும் கற்பனையன்று. நம் மாவட்டமே இதற்குச் சான்று பகர்கின்றது. உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் பிரதமரின் உழவர் நிதியுதவித் திட்டத்தை நடுவண் அரசு 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு உரியது அது. 2020இல் கொரோனா நோய் ஊரையே முடக்கிப்போட்ட காலத்தில், விண்ணப்பத்தைத் தாமே இணையவழியில் பதிவு செய்யும் வாயில் திறந்திருந்தது. வேளாண்மைத் துறையினர் அவற்றை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கவேண்டும். ஒப்புதலுக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் துறையினரிடம் இருந்தன. அவை தற்காலிகப் பணியாளர் வழியாகத் தனியார் கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் சென்று சேர்ந்தன. நிலமே இல்லாதவர் பெயர்கள் பல்லாயிரக்கணக்கில் உழவர் பட்டியலில் ஏறின.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்றது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விடையின்படி, ஆராயப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளுள் 5.38 லட்சம் தகுதியற்றவை. தவறாகச் சென்ற தொகை ஏறத்தாழ 110 கோடி ரூபாய். அதில் 61 கோடி அப்போது மீட்கப்பட்டிருந்தது. 52 பேர் கைதாயினர். ஒப்பந்தப் பணியாளர் 96 பேர் நீக்கப்பட்டனர். 34 பேர்மீது துறை நடவடிக்கை தொடங்கியது. கடவுச்சொல்லின் மறைவைக் காக்கத் தவறியமைக்காக வட்டார அலுவலர் மூவரும் உதவி வேளாண்மை அலுவலர் ஐவரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

இதில் நம் நெஞ்சைச் சுடுவது தொகையின் பெருக்கமன்று. தரகர் சொல்லை நம்பி, கொரோனாக் கால உதவித்தொகை வருகிறது என்றெண்ணி, ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டிய கூலித் தொழிலாளர் பலர் என்று அந்நாளைய நாளேடுகள் எழுதின. வந்த பணத்தில் ஒரு பங்கைத் தரகர் பெற்றுக்கொண்டார். முழுப்பணத்தையும் திருப்பித் தரவேண்டிய கடன் ஏழையின் தலையில் விழுந்தது. பூட்டு சரியில்லாத வீட்டில் களவு நிகழ, வழிப்போக்கன் தண்டம் கட்டிய கதையாயிற்று இது.

நான்காண்டுகள் கழிந்தன. 2024 மே மாதத்தில், தமிழகக் காவல்துறையின் முக அடையாளம் காணும் மென்பொருள் தளத்தில் அயலார் நுழைந்தனர். நிர்வாகக் கணக்கொன்றின் கடவுச்சொல் களவு போனதே காரணமாகத் தோன்றுகிறது என்பது காவல்துறை அளித்த விளக்கம். துறை வேறு, காலம் வேறு. திறந்த கதவு ஒன்றே.

பூட்டும் மனிதரும்

'இது கையூட்டு, குற்றம் செய்தவரைத் தண்டித்தால் போதும், இதற்குள் தரவு ஆளுகை என்றும் இணையப் பாதுகாப்பு என்றும் பெரும்பேச்சு எதற்கு?' என்று கேட்பார் உளர். தண்டனை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் ஆயிரக்கணக்கான பொய்ப் பதிவுகள் ஒரே கணக்கின் வழியே நுழையும்போது எச்சரிக்கை மணி ஒன்றும் ஒலிக்காதது யார் குற்றம்? அதிகாரியின் ஒப்புதல் உரிமை தற்காலிகப் பணியாளரின் விரல் நுனிக்கு வந்தது எவ்வாறு? இவ்வினாக்களைக் கேளாமல் கடைநிலையில் உள்ளவரை மட்டும் நீக்கினால், நாளை அவ்விருக்கையில் வேறொருவர் அமர்வார். கடவுச்சொல்லும் பழைய வழியே நடக்கும்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு சான்றிதழின் பொருட்டு அலுவலகம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். கணினித் திரையின் ஓரத்தில் சிறு தாளொன்று ஒட்டியிருந்தது. அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், வருவோர் போவோர் எல்லாம் காணும்படி, அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அங்கிருந்த இளைஞரிடம், "தம்பி, இதை இப்படி வைக்கலாமா?" என்றோம். அவர் வெட்கமும் வருத்தமும் கலந்து நகைத்தார். "நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம் ஐயா, கணக்கு ஒன்றுதான். இன்று மாலைக்குள் இத்தனை முடித்தாகவேண்டும் என்கிறார்கள். ஒளித்து வைத்துக்கொண்டால் வேலை நடக்குமா?" என்றார். இதைப் பற்றி யாரேனும் பயிற்சி அளித்தார்களா என்று கேட்டோம். "எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், எதற்காக என்று சொல்லவில்லை" என்றார்.

அவ்விளைஞர் தீயவரல்லர். தொகுப்பூதியத்தில், வெளிமுகமை வழியாக அமர்த்தப்பட்டு, அடுத்த ஆண்டு வேலை உண்டோ இல்லையோ என்னும் ஏக்கத்தோடு பணியாற்றுபவர். அவரிடம் எண்ணிக்கையைக் கேட்டவர் உண்டு. கருத்தைக் கேட்டவர் இல்லை. எந்த அலுவலகத்தில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்பதை எல்லாரினும் முன்னர் அறிந்தவர் அவர்தாம். அவரைக் கேளாமல் தலைநகரில் தீட்டும் பாதுகாப்புத் திட்டம், ஊழவரைக் கேளாமல் வகுத்த பாசனத்திட்டத்தை ஒக்கும்.

வள்ளுவப் பெருந்தகை தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராய்ந்து நம்புக என்பது முன்னது. நம்பியவரை உரிய வினையில் ஈடுபடுத்துக என்பது பின்னது. நாமோ ஆராயாமல் கடவுச்சொல்லைக் கொடுக்கிறோம். கொடுத்தபின் அவரை மனிதராகவும் மதிப்பதில்லை.

ஆணையும் நடைமுறையும்

சட்டமும் கொள்கையும் இல்லாமல் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தமிழக அரசு 2020இல் இணையப் பாதுகாப்புக் கொள்கையையும், 2022இல் தரவுக் கொள்கையையும் வெளியிட்டது. நடுவண் அரசு 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தரவு கசியுமாயின், உரிய வாரியத்திற்கும் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அதற்கான விதிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. எனினும் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர அவை 18 மாத இடைவெளி வைத்துள்ளன. அன்றியும், அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அச்சட்டமே இடம் தருகிறது. மக்களைப் பற்றிய தரவுகளை மிகுதியாக வைத்திருப்பது அரசுதான். எனவே விலக்கைத் தேடுவதில் அன்றி, விதியைக் காப்பதில் அரசு முன்மாதிரியாக நிற்றலே முறை.

கொள்கை சென்னையில் பிறக்கலாம். அது வாழவேண்டிய இடம் வட்டார அலுவலகம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்ட மணிலா வகைகள் நம் ஊர்ப்பெயரை டி.எம்.வி. என்னும் எழுத்துகளில் தாங்கி நாடெங்கும் சென்றன. அவ்விதையின் தூய்மை ஆய்வு நிலையத்தில் தொடங்கினாலும் அங்கேயே முடிவதில்லை. விதைப்பண்ணையில் கலவன்களைப் பிடுங்கி எறியும் கூலிப்பெண்ணின் கண்ணிலும் அத்தூய்மை இருக்கிறது. அவள் கண் அயர்ந்தால் நல்ல விதையும் கலப்பாகும். தரவும் அத்தகையதே.

நாம் வேண்டுவன

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. கணினியில் அமரும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருத்தல் வேண்டும். செய்தவர் யாரென்பது பதிவில் நிற்றல் வேண்டும். பதிவு செய்பவர் ஒருவராகவும், நிலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒப்புதல் தருபவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லோடு, உரியவரின் கைப்பேசிக்கு வரும் எண்ணோ விரல்ரேகையோ சேர்ந்தாலன்றிக் கதவு திறவாதிருத்தல் வேண்டும். பணி மாறிச் சென்றவரின் கணக்கு அன்றே மூடப்படல் வேண்டும். இவற்றால் பணி தாமதமாகும் என்பர். உரியவர்க்கு ஒருநாள் தாழ்த்திச் சேர்வது, உரிமையற்றவர்க்கு ஒருநொடியில் சேர்வதினும் நன்று.

ஊழியரைப் பொறுத்தவரையில், பயிற்சி என்பது பொத்தான்களின் வரிசையாக இல்லாமல், இப்பதிவு பிழைத்தால் எந்தக் குடும்பம் அழும் என்று விளக்குவதாக அமைதல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் கடைநிலைப் பணியாளரை அமரவைத்து, அவர் கண்ட குறைகளைக் கேட்டல் வேண்டும். குறையைச் சொன்னவரே குற்றவாளியாகும் நிலை மாறவேண்டும். தவறுதலாகக் கடவுச்சொல்லை இழந்தவர் அச்சமின்றி அன்றே சொல்லும் நிலை வேண்டும். மறைத்துவைத்த சிறு பிழையே பெருங்களவின் தாயாகிறது.

மக்களுக்கும் இதில் பங்குண்டு. எஸ்தோனியா என்னும் சிறு நாட்டில், அரசுப் பதிவேடுகளில் தம்மைப் பற்றிய செய்தியை எந்த அலுவலகம் பார்த்தது என்பதைக் குடிமக்கள் இணையத்தில் தாமே கண்டறிய இயலும். நம் நாட்டிலும் ஒருவர் பெயரில் உதவித்தொகைப் பதிவு ஏறும்போதே அவருக்குத் தமிழில் குறுஞ்செய்தி சென்றால் தரகரின் பிடி தளரும். பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் படித்தால், நிலமில்லாத உழவர் எத்தனை பேர் என்பதை ஊரே சொல்லிவிடும். பெயரும் ஊரும் படிக்கப்படலாம். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அவைக்கு வருதல் ஆகாது.

நிறைவாக ஒன்று. நம் வீடுகளில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் அது. அதைக் காப்பது கடன். தன்னதாக எண்ணுவது பழி. ஏழை ஒருவர் அலுவலகச் சாளரத்தின் வழியே நீட்டும் ஆதார் அட்டையும் அத்தகையதே. இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவருட் சிலர் நாளை அரசு இருக்கைகளில் அமர்வர். சிலர் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கணினி மையம் நடத்துவர். "உங்கள் கடவுச்சொல்லைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று ஒருவர் இன்முகத்தோடு வந்து கேட்கும் நாள் அவர்கள் வாழ்விலும் வரும். அன்று 'இயலாது' என்று சொல்லும் துணிவை நாம் அவர்களுக்குக் கற்பித்தோமா என்பதே நம்முன் நிற்கும் வினா. அத்துணிவை எந்தக் கணினியும் தாராது; வீடும் கல்விக்கூடமுமே தரவேண்டும்.